மேலாண்மைப் படிப்பின் முதல் பருவமும் உழவரின் கணக்கேடும்

(திருவள்ளூர் மாவட்ட உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வணிக மேலாண்மைப் படிப்பு என்றால் அது கம்பெனிக்காரர்களுக்கு உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்ற எண்ணம் நம் கிராமங்களில் பரவலாக உள்ளது. பொன்னேரி வட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, வேளாண்மையில் இளநிலைப் பட்டம் பெற்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பின், இந்தக் கோடையில் அப்படிப்பின் முதல் பருவத்தை முடித்திருக்கிறேன். அந்த எட்டு வாரங்களில் கற்றுத் தரப்பட்டவற்றில் பெரும்பகுதி நெல் வயலுக்கும், கத்தரித் தோட்டத்துக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றை உங்கள் நிலத்தின் கணக்காக மாற்றிச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம். பிள்ளைகளை இப்படிப்புக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் அறிய வேண்டியவற்றையும் இறுதியில் கூறுகிறேன்.

கோடைப் பருவம் என்பது என்ன?

மேலாண்மைப் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள் கொண்டது. சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கென ஓராண்டுப் படிப்பும் உண்டு. ஐதராபாத்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய வணிகப் பள்ளியும், சென்னையில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இப்போது மாமல்லபுரம் அருகே இயங்கும் கிரேட் லேக்ஸ் நிறுவனமும் இத்தகைய ஓராண்டுப் படிப்பை நடத்துகின்றன. இரண்டு ஆண்டுப் பாடத்தை ஓராண்டில் அடக்க வேண்டியிருப்பதால், கோடையில் வரும் முதல் பருவம் மிகவும் நெருக்கடியாக இருக்கும்.

நீங்கள் சொர்ணவாரிக்கு நாற்று விட்ட வேளையில் நாங்கள் வகுப்பில் நுழைந்தோம். நீங்கள் நட்டு, இரண்டாம் களை எடுத்து முடிப்பதற்குள் எங்கள் பருவம் முடிந்துவிட்டது. கணக்கியல், புள்ளியியல், பொருளியல், சந்தையியல் ஆகிய நான்கும் முக்கியப் பாடங்கள். காலை எட்டரை மணிக்கு வகுப்பு தொடங்கும். மாலையில் ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகக் கூடி, மறுநாளைக்குரிய பாடத்தைத் தயார் செய்ய வேண்டும். அது பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டும்.

பாடம் நடத்தும் முறையும் வேறு. உண்மையான ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலைப் பதினைந்து இருபது பக்கங்களில் எழுதிக் கொடுத்து, "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று ஆசிரியர் கேட்பார். அமெரிக்காவில் 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்முறையைப் பரப்பியது. 1961இல் அகமதாபாத்தில் ஏற்பட்ட இந்திய மேலாண்மை நிறுவனம் அதன் துணையுடன் இம்முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. விவரம் குறைவாக இருக்கும், காலம் குறைவாக இருக்கும், ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும். மழை வருமா வராதா என்று தெரியாமல் விதைக்கும் உழவருக்கு இது புதிதன்று. முடிவுக்கு முன் கணக்கை எழுதிப் பார்ப்பதே நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

முதல் பாடம்: எல்லாச் செலவையும் எழுதுதல்

"இந்தப் போகம் எவ்வளவு நின்றது?" என்று கேட்டால், விற்ற பணத்திலிருந்து கையை விட்டுப் போன பணத்தைக் கழித்துச் சொல்கிறோம். கணக்கியல் இதை ஏற்பதில்லை. வீட்டார் உழைத்த நாள்கள், சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, மோட்டாரின் தேய்மானம், போட்ட பணத்துக்கான வட்டி ஆகியவையும் செலவே ஆகும்.

மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. 1965இல் ஏற்பட்ட இந்த ஆணையம் சாகுபடிச் செலவை மூன்று படிகளாகக் கணக்கிடுகிறது. கைச்செலவும் தேய்மானமும் சேர்ந்தது 'ஏ2'. அதனுடன் குடும்ப உழைப்பின் கூலியைச் சேர்த்தால் 'ஏ2+எப்எல்'. சொந்த நிலத்தின் வாடகையையும் முதலுக்கான வட்டியையும் சேர்த்து முழுச் செலவாகக் கணக்கிடுவது 'சி2'. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இது இரண்டாம் படிச் செலவான 1,579 ரூபாயின் மேல் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்பட்டது. டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பரிந்துரையைக் குறிப்பிட்டு, சி2 மேல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டு வருகின்றன. இவ்விரண்டு கணக்கின் வேறுபாடும் உங்கள் நிலத்தில் எவ்வளவு என்பதை நீங்களே எழுதிப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஏக்கர் நெல்லில் 24 குவிண்டால் மகசூல் என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வயலின் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கைச்செலவு (உழவு, விதை, உரம், கூலி, அறுவடை இயந்திரம்) – ரூ. 25,000
மோட்டார், கருவிகளின் தேய்மானம் – ரூ. 1,000
குடும்ப உழைப்பின் கூலி – ரூ. 8,000
சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு – ரூ. 10,000
வட்டி – ரூ. 1,500
ஆக மொத்தம் – ரூ. 45,500

இதை 24ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 1,896 ரூபாய். இதுவே உங்கள் சமநிலை விலை. இதற்குக் கீழே விற்றால் நட்டம்.

நெல்லைக் காய வைத்து, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2,369 ரூபாய்க்குப் போட்டால் வரவு 56,856 ரூபாய். முழுச் செலவு போக 11,356 ரூபாய் நிற்கும். மாநில அரசின் ஊக்கத்தொகை இதில் சேர்க்கப்படவில்லை. அதே நெல்லை அவசரத்துக்குக் களத்திலேயே 1,800 ரூபாய்க்கு வியாபாரியிடம் கொடுத்தால் வரவு 43,200 ரூபாய். கைச்செலவை மட்டும் கழித்தால் 18,200 ரூபாய் லாபம் போலத் தோன்றும். முழுக் கணக்கில் 2,300 ரூபாய் நட்டம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டார் அனைவரும் வெளியே கூலிக்குப் போயிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கையில் இருந்திருக்கும் என்பதே அதன் பொருள்.

தாய்மார்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்ப உழைப்பு என்ற வரியில் உள்ள நாள்களில் பெரும்பகுதி உங்களுடையது. நாற்றுப் பறித்தல், களை எடுத்தல், நெல் காய வைத்தல், மாடு கறத்தல் ஆகியவற்றுக்கு வீட்டுக் கணக்கில் கூலி எழுதும் வழக்கம் இல்லை. நாள்தோறும் நீங்களே அதை எழுதி வாருங்கள். எழுதாத உழைப்புக்கு எவரும் விலை கொடுப்பதில்லை.

இரண்டாம் பாடம்: வருமானம் வேறு, முதல் வேறு

எட்டு வாரத்தில் கற்றவற்றுள் நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவையானது இது. ஒரு நிறுவனத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஓராண்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பது ஒன்று. ஆண்டு முடிவில் என்ன சொத்து இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது என்பது மற்றொன்று. சொத்தை விற்று வந்த பணத்தை வருமானமாக எழுதினால் தணிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். நம் முன்னோர் இதையே விதை நெல்லைத் தின்னாதே என்று சொன்னார்கள்.

இப்போது நம்மைச் சுற்றிப் பாருங்கள். செங்கல் சூளைக்கு மேல்மண் கொடுத்தால் ஒரே நாளில் கைநிறையப் பணம் வருகிறது. அது வருமானம் போலத் தெரியும். ஆனால் பயிருக்கு வேண்டிய அங்ககச் சத்தும், நுண்ணுயிர்களும், இட்ட உரத்தின் மிச்சமும் மேல் அரை அடி மண்ணில்தான் பெரும்பாலும் உள்ளன. அதை எடுத்த பின் அந்த வயலை மீட்கத் தக்கைப்பூண்டு, சணப்பு, தொழுவுரம், ஏரி வண்டல் என்று பல போகங்கள் போட வேண்டும். தாழ்ந்துபோன வயலில் மழைக்காலத்தில் நீர் தேங்கும். இத்தனை ஆண்டு மகசூல் இழப்பையும் கூட்டிப் பார்த்த பிறகே மண்ணின் விலையைப் பேச வேண்டும்.

சிப்காட்டுக்கோ, சாலைக்கோ, வேறு திட்டத்துக்கோ நிலம் போனால் வரும் இழப்பீட்டுத் தொகையும் அப்படியே. அது நிலம் உருமாறி வந்த முதல். அதிலிருந்து வண்டி வாங்குவதும், திருமணச் செலவு செய்வதும் முதலைச் சாப்பிடுவதாகும். வீட்டில் கலந்து பேசி, "இந்தத் தொகையில் எவ்வளவு மறுபடியும் சொத்தாக நிற்கும்?" என்ற கேள்விக்கு விடை எழுதிய பின் வங்கியிலிருந்து பணத்தை எடுங்கள்.

மூன்றாம் பாடம்: சராசரியை நம்பிக் கடன் வாங்காதீர்

புள்ளியியல் வகுப்பில் முதலில் எச்சரித்தது சராசரியைப் பற்றித்தான். ஒருவருடைய வயலில் ஐந்து ஆண்டு சம்பா மகசூல் ஏக்கருக்கு 28, 27, 8, 29, 28 குவிண்டால் என்று கொள்வோம். சராசரி 24. ஆனால் 24 குவிண்டால் விளைந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டுகள் நன்றாக விளைந்தன. ஓர் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த 8 குவிண்டால் ஆண்டில் ஆதரவு விலைக்கே விற்றாலும் வரவு 18,952 ரூபாய். கைச்செலவு 25,000. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழும். கடன் தவணை அதற்கு மேல் நிற்கும். ஆகவே கடன் வாங்கும்போது சராசரி ஆண்டை வைத்துத் திட்டமிடாமல், மோசமான ஆண்டில் தவணையை எதிலிருந்து கட்டுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பயிர்க் காப்பீடு இதற்காகவே உள்ளது. 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காட்டுக்கு மிகாது. கடைசித் தேதிக்காகக் காத்திராமல் விதைத்த உடனே பதிவு செய்வது நல்லது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனை உரிய காலத்தில் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. இச்சலுகை தவறும்போது ஏற்படும் வட்டியையும் செலவில் எழுதுங்கள்.

நான்காம் பாடம்: பணம் திரும்பி வரும் காலம்

லாபம் உள்ள கடையும் கையில் காசில்லாமல் மூடிப் போவதுண்டு. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதே காரணம். கீரை 25 நாளில் பணமாகும். சொர்ணவாரி நெல்லுக்கு நான்கு மாதம். கரும்புக்கு ஓராண்டு ஆகும். வெட்டி ஆலைக்கு அனுப்பிய 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்க்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் பகுதியினர் இவ்விதியை அறிந்திருப்பது நல்லது.

நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுக்காமல், மாதந்தோறும் காசு தரும் பசு, வாரந்தோறும் காசு தரும் காய்கறி அல்லது பூ, போகத்துக்கு ஒருமுறை காசு தரும் நெல் என்று பிரித்து வைத்தால் நகையை அடகு வைக்கும் நிலை குறையும்.

ஐந்தாம் பாடம்: போட்ட பணம் முடிவு செய்யக்கூடாது

"ஆழ்துளைக் கிணற்றுக்கு இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் நூறு அடி போட்டுப் பார்ப்போம்" என்று சொல்கிறோம். முன்னரே போட்ட பணம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. இனிப் போடப்போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. குறிப்பாகக் கடலோர வட்டங்களில் ஆழம் போகப் போக உவர்நீர் வரக்கூடும். ஆகவே மேற்கொண்டு தோண்டும் முன், பக்கத்துக் கிணறுகளின் நீரையாவது பரிசோதனைக்கு அனுப்பி உப்பின் அளவை அறிந்துகொள்ளுங்கள். அந்தச் சிறு செலவு பெரிய செலவைத் தடுக்கும்.

ஆறாம் பாடம்: வாங்குபவர் யார்?

சந்தையியல் ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்ட கேள்வி, "உன் வாடிக்கையாளர் யார்?" என்பதே. நம்மில் பலருக்கு வாடிக்கையாளர் தரகுக் கடைக்காரர். 1996இல் கோயம்பேட்டுச் சந்தை வந்தது முதல் நம் கீரையும் காயும் அங்கே போகின்றன. அது நல்ல சந்தைதான். ஆனால் விலையை நாம் வைப்பதில்லை.

நம் வாசலிலேயே வேறொரு சந்தை உள்ளது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்கண்டிகையிலும், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியிலும் உள்ள ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஆலை உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைகளில் உணவகம் அமைக்க 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகை செய்தது. அங்கு வேகும் அரிசியும் காயும் எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்துப் பாருங்கள். நம் ஊர்க் காய் சென்னைக்குப் போய், கைமாறி, மறுபடியும் நம் ஊர் ஆலைக்கே வருவதும் உண்டு.

இச்சந்தையில் நுழைய விரும்புவோர் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உணவக ஒப்பந்தக்காரர் நாள் தவறாமல் ஒரே அளவும் ஒரே தரமும் கேட்பார். முறையான ரசீது கேட்பார். பணத்தை உடனே தராமல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தவணை சொல்வார். நாளொன்றுக்கு 200 கிலோ காயை, கிலோ 30 ரூபாய் வீதம் கொடுத்து 45 நாள் காத்திருந்தால் 2,70,000 ரூபாய் வெளியே நிற்கும். தனி ஒருவரால் இது முடியாது. இருபது முப்பது பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவோ, நிறுவனமோ இருந்தால் வங்கிக் கடன் பெற்று இந்த இடைவெளியைச் சமாளிக்கலாம். ஒருவர் தோட்டத்தில் காய் குறைந்தால் மற்றவர் கொடுக்கலாம்.

இதற்கு முன்னோடி குஜராத்தில் உள்ளது. 1946இல் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அமுல் ஆக வளர்ந்தது. அதை நடத்திய டாக்டர் வர்கீஸ் குரியன் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். உழவர் அமைப்புகளுக்கும் நல்ல மேலாளர்கள் வேண்டும் என்று கருதி அவர் 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு சேரும் மாணவர் கிராமத்தில் தங்கிப் பயில்வதும் படிப்பின் ஒரு பகுதி.

தனிக் கணக்கும் ஊர்க் கணக்கும்

இதுவரை கூறியவை அவரவர் கணக்கு. ஒவ்வொருவர் கணக்கும் சரியாக இருந்து ஊர்க் கணக்கு தவறிப் போவதும் உண்டு என்பதைப் பொருளியல் சொல்கிறது. இதற்கு வேறு நாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டாம். மீஞ்சூர் போதும்.

ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருந்தது. பாசனத்துக்கும், ஆலைகளுக்கும், சென்னையின் குடிநீருக்கும் அது இறைக்கப்பட்டது. இறைத்த ஒவ்வொருவருக்கும் அது அன்றைக்கு லாபமே. மழை நிரப்பும் அளவை விட இறைப்பு மிகுந்தபோது நன்னீரின் அழுத்தம் குறைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பகுதியில் இது கண்டறியப்பட்டது. பின்னர் அது கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே பரவியது. 2010இல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலை சென்னைக்காகத் திறக்கப்பட்டது. நிலத்தடியில் இலவசமாகக் கிடைத்த நன்னீரை இழந்த பின், உப்பு நீக்கிய நீருக்கு ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு செய்ய வேண்டியுள்ளது.

பற்றாக்குறைக் காலங்களில் நகருக்காகக் கிணற்று நீரை விலைக்கு வாங்குவதும் நம் பகுதியில் நடந்துள்ளது. நெல் விளைவிப்பதை விட நீர் விற்பது லாபம் என்று தனிக் கணக்கு சொல்லலாம். ஆனால் உங்கள் மோட்டார் இழுக்கும் நீரில் பக்கத்து வயல்காரரின் நீரும் உண்டு. அவர் இழுப்பதில் உங்களுடையதும் உண்டு. ஆகவே நீர் விற்பது, மேல்மண் எடுப்பது, ஏரி வரத்துக் கால்வாயை அடைப்பது போன்றவற்றைத் தனியே முடிவு செய்யாமல் கிராம சபையிலும் பாசனச் சங்கத்திலும் பேசி முடிவெடுக்க வேண்டும். இதை எந்தக் கணக்கேடும் தானாகச் சொல்லாது.

பிள்ளைகளை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். ஆனால் அதையும் ஒரு முதலீடாகக் கருதிக் கணக்குப் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற சில தனியார் நிறுவனங்களில் கட்டணம் பல லட்சம் ஆகும். 20 லட்சம் ரூபாய் கடனை 10 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 26,400 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 31 லட்சத்து 70 ஆயிரம். படிக்கும் காலத்து வட்டி தனி. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். சில நிறுவனங்களில் சேர்வோருக்கு விலக்கு உண்டு. வீட்டையோ மனையையோ பிணையாக வைக்கும் முன், அந்த நிறுவனத்தில் படித்தவர்களுள் நடுவாந்தர மாணவருக்கு என்ன ஊதியம் கிடைத்தது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் வரும் மிக உயர்ந்த ஊதியம் ஒருவருக்குக் கிடைத்தது. அதை வைத்துக் கணக்குப் போடுவது, ஊரிலேயே அதிகம் விளைந்த வயலை வைத்து உங்கள் மகசூலை எதிர்பார்ப்பது போலாகும்.

வேளாண்மை சார்ந்த மேலாண்மையைக் கற்க விரும்புவோருக்குக் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேளாண் வணிக மேலாண்மையில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. ஐதராபாத்தின் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்திலும், ஆனந்திலும், அகமதாபாத்திலும் இத்தகைய படிப்புகள் உள்ளன. மற்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேரத் தமிழ்நாட்டில் டான்செட் தேர்வும், அகில இந்திய அளவில் கேட் தேர்வும் எழுத வேண்டும்.

சேரும் பிள்ளைகளுக்கு முதல் பருவமே கடினமானது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் அச்சம் தரும். பொறியியலோ வேளாண்மையோ படித்தவர்களுக்குப் பற்று வரவு புதிதாக இருக்கும். இதற்கு எளிய வழி உண்டு. நம் மாநிலப் பாடநூலில் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல் தமிழிலேயே உள்ளது. சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அதைப் படித்து, பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் பாதிச் சுமை இறங்கும். அந்த எட்டு வாரத்தில் திருவிழா, திருமணம் என்று பிள்ளையை ஊருக்கு அழைக்காதீர்கள். தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்பதை விட, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். அங்கு பலரும் தமக்கு மட்டுமே புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு இருப்பார்கள். குழுவில் வாய் திறந்து கேட்பவர் பிழைத்துக்கொள்வார்.

செய்ய வேண்டியவை

1. ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, அன்றன்றைய செலவையும் வீட்டார் உழைத்த நாள்களையும் அன்றிரவே எழுதுங்கள்.

2. ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த வயல் லாபம் தருகிறது, எது நட்டம் தருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

3. அறுவடைக்கு முன்பே சமநிலை விலையைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி வந்து நிற்கும்போது கணக்குப் போட நேரம் இராது.

4. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், சொத்தையும் கடனையும் இரு பக்கமாக எழுதிச் சென்ற ஆண்டுடன் ஒப்பிடுங்கள். சொத்து குறைந்திருந்தால் முதலைத் தின்றிருக்கிறோம் என்று பொருள்.

5. கடைசி ஐந்து ஆண்டு மகசூலை எழுதி, அவற்றுள் மிகக் குறைந்ததைச் சிவப்பு மையில் குறியுங்கள். கடன் வாங்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

6. பயிர், இரகம், மண், நீர் பற்றிய ஐயங்களுக்குத் திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள். அங்கு செல்லும்போது உங்கள் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எண்களுடன் கேட்கப்படும் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

உழவர் பெருமக்களே, பெரிய நிறுவனங்கள் அதிகச் சம்பளம் கொடுத்துக் கணக்கு பார்க்க ஆள் வைத்திருக்கின்றன. நம் நிலத்துக்கு அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். வீட்டில் பள்ளிக்குச் செல்லும் மகனோ மகளோ இருந்தால் நோட்டை அவர்களிடம் ஒப்படையுங்கள். நிலத்தின் வரவும் செலவும் அறிந்து வளரும் பிள்ளை நாளை உழவுக்குத் திரும்பினாலும், ஆலைக்குப் போனாலும், மேலாண்மைப் படிப்புக்குப் போனாலும் தெரிந்து முடிவெடுக்கும். சம்பாவுக்கு விதை எடுப்பதற்குள் அந்த நோட்டின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.